ஃபோர்மேன் கலாஸ்

எனக்கு இரண்டு சின்ன வயசு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று எல்லாரையும் போல ஊரில் கழிந்தது. இன்னொன்று நாற்பத்து நாலு வயதில், துபாயில், அல் கூஸில் ஆரம்பித்தது. நம்மில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய் வந்தவர்கள்தான், அதனால் சொன்னால் புரியும். பேசத் தெரியாது. போர்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. ரோட்டைத் தாண்டத் தெரியாது. ரூமில் எனக்கு மேல் கட்டிலில் படுக்கிற மேல்கட்டில்காரர் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். குப்பூஸ் ரொட்டியைக் குழம்பில் எப்படித் தோய்ப்பது என்றுகூட இன்னொருவர் தின்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இதற்குச் சின்னப் பிள்ளை என்று பெயர் இல்லாமல் வேறென்ன?

இரண்டு சின்ன வயசிலும் ஒவ்வொரு பூனை இருந்தது. இரண்டும் காணாமல் போயின. பயப்பட வேண்டாம், அழ வைக்கிற கதை இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு லேசாகத்தான் ஆகிறது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் கேம்ப் அல் கூஸில் குடோன்களுக்கு நடுவில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தகர ஷெட்டு, லாரி, தூசி. ஒரு ரூமில் எட்டுப் பேர், கட்டில் மேல் கட்டில். எட்டுப் பேரில் தமிழ் இரண்டே பேர்தான், நானும் மேல்கட்டில்காரரும். மற்றவர்கள் பீகார், ஆந்திரா. மேல்கட்டில்காரர் கம்பி கட்டுகிறவர், புதுக்கோட்டைப் பக்கம். முன்னால் பம்பாயில் இருந்ததால் இந்தி பேசுவார். என்னைப் பங்காளி என்று கூப்பிடுவார், நானும் அவரை அப்படித்தான். ஆனால் படுத்தவுடன் தூங்கிவிடுகிற ஆள். அவர் தூங்கிய பிறகு எனக்குப் பேச ஆள் இல்லை.

அந்த இடத்தில்தான் பூனை வந்தது.

ரூமுக்குப் பின்னால் ஏசி மிஷினிலிருந்து தண்ணீர் சொட்டும். அதற்குக் கீழே யாரோ ஒரு பெயிண்ட் டப்பா மூடியை வைத்திருந்தார்கள், நீல நிற மூடி. பூனை அங்கே தண்ணீர் குடிக்க வந்தது. மணல் நிறம், வாலின் நுனி கொக்கி போல வளைந்திருக்கும், இடது காதில் ஒரு கிழிசல். நான் மத்தி மீன் டின்னைத் திறந்து பாதியைக் காகிதத்தில் போட்டேன். தின்றுவிட்டு என் சேஃப்டி ஷூவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாள் முழுக்கக் கால் வெந்த ஷூ, அந்த நாற்றம் எனக்கே பொறுக்காது. அதற்கு அதுதான் பிடித்தது.

பெண் பூனைதான். ஆனால் பெயர் ஃபோர்மேன் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் நாங்கள் டியூட்டி முடிந்து வந்தால் வாசலில் இருக்கிற செருப்புகளை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கும், கை கழுவுகிற தொட்டியை எட்டிப் பார்க்கும், பிறகு உயரமாக ஓர் இடத்தில் உட்கார்ந்து எல்லாரையும் முறைக்கும். வேலை ஒன்றும் செய்யாமல் முறைக்கிற ஆளுக்கு எங்கள் சைட்டில் ஒரே பெயர்தான். பங்காளி வைத்த பெயர் அது. பீகார்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அதனிடம் நான் பேசுவேன். இன்றைக்குப் பலகை தூக்கினேன், தோள் எரிகிறது, ஊரில் மழையாம், இந்த மாதிரி. தமிழில் சொல்வதைக் கேட்டு அது காதைத் திருப்பும். அந்த வருஷம் என் வாயில் தமிழ் துருப்பிடிக்காமல் இருந்தது என்றால் அந்தப் பூனையால்தான். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மூன்று முறை முடிவு பண்ணினேன். மூன்று முறையும் சாயங்காலம் அது வந்து ஷூ மேல் உட்கார்ந்தது, மறுநாள் டியூட்டிக்குப் போய்விட்டேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மூட்டைப்பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டில் இரும்புக் குழாயின் ஓட்டைக்குள் அவை குடியிருந்தன. வெள்ளிக்கிழமை லீவில் வெந்நீர் ஊற்றுவோம், மெத்தையை வெயிலில் போடுவோம், ஒன்றும் சாகாது. எல்லா ரூமும் புகார் கொடுத்து, மருந்தடிக்க ஆள் வரும் என்று காத்திருந்தோம்.

ஒரு நாள் காய்ச்சலால் நான் டியூட்டிக்குப் போகவில்லை. கேம்ப்பை மேய்க்கிற கேம்ப் பாஸ் வந்தார். மலையாளி, கையில் எப்போதும் ஒரு அட்டை, அதில் காகிதம். வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"இவிட ஒரு பூச்ச உண்டல்லோ. அது ஆருடெயா?"

மருந்தடிக்கிற விஷயம்தான் என்று நினைத்தேன். சந்தோஷமாகப் போய்விட்டது.

"ஒரு பூச்சியா சார்? நூறு இருக்கும் சார்."

"நூறோ?"

"ஆமா சார். கண்ணை மூட விடமாட்டேங்குது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், எங்கயாவது கொண்டுபோய் ஒழிச்சுக் கட்டுங்க சார்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காகிதத்தில் எழுதிக்கொண்டார். "செரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கும்பிடு வேறு போட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பூனை வரவில்லை. பங்காளி வந்தார், பீகார்காரர்கள் வந்தார்கள், வாசலில் செருப்பு நிறைந்தது. மோந்து பார்க்க ஆள் இல்லை. மத்தி டின்னை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் பட்டான் பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள், வெள்ளைத் தாடி. அவருக்கும் எனக்கும் சேர்த்து ஐந்து சொல்தான் உண்டு. அதில் ஒன்று பில்லி, பூனைக்கு இந்தி.

"பாய், பில்லி?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு உள்ளங்கையையும் தூசி தட்டுகிற மாதிரி தட்டினார்.

"பில்லி கலாஸ்."

கலாஸ் என்றால் முடிந்தது என்று நம் ஆட்களுக்குத் தெரியும். எனக்கு அந்தச் சொல் எப்படித் தெரியும் என்பதுதான் விஷயம். நான் போய் இறங்கிய மாதம், இரண்டு ரூம் தள்ளி ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தது. வண்டியில் ஏற்றிப் போனார்கள். நாங்கள் கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். டிரைவர் திரும்பி வந்து கண்ணாடியை இறக்கி ஒரே சொல்தான் சொன்னார். அந்தச் சொல்தான் இது. அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ரூமுக்கு வந்து பங்காளியிடம் பாய் சொன்னதையும் கேம்ப் பாஸ் வந்ததையும் சொன்னேன். அவர் குப்பூஸைக் கீழே வைத்துவிட்டார்.

"பங்காளி, அவரு என்ன கேட்டாரு, சொல்லு."

"பூச்ச இருக்கா, யாரோடதுன்னு."

"யாரோடதுன்னு கேட்டப்பவாவது ஒனக்குத் தோண வேணாமாய்யா? மூட்டைப்பூச்சிக்குச் சொந்தக்காரன் இருப்பானா? மலையாளத்துல பூச்சன்னா பூனை."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். எங்கயாவது கொண்டுபோய் ஒழிச்சுக் கட்டுங்க சார். என் வாயால் சொன்னேன், கும்பிட்டுச் சொன்னேன். நாற்பத்து நாலு வயது ஆள், எதிரே ஏழு பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதேன். பட்டான் பாயிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று பங்காளி மறுநாள் காலையில் போனார். பாய் விடிவதற்குள் லீவில் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார். இரண்டு மாச லீவு. கேம்ப் பாஸிடம் போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை.

அந்தக் காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் என் கண் வீங்கியிருப்பதைப் பார்த்து முன் சீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். பங்காளி அரைத் தூக்கத்தில் சொன்னது இரண்டே சொல்: "ஃபோர்மேன் கலாஸ்."

எங்கள் ரூம் ஆட்களுக்கு அது பூனை. பஸ்ஸில் மற்ற நாற்பது பேருக்கு அது ஃபோர்மேன். சைட்டு வருவதற்குள் பேச்சு கடைசி சீட்டு வரை போய்விட்டது. இறங்கியவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முந்தின நாள் ஃபோர்மேனிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கிய ஒரு பீகார்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு லீவு விடுவார்களா என்று ஒருவர் மெதுவாக விசாரித்தார்.

அப்போது பிக்கப் வந்து நின்றது. ஃபோர்மேன் டீக் கப்போடு இறங்கினார். நாகர்கோவில்காரர், சத்தமாகத்தான் பேசுவார்.

"என்னடே, எல்லாவனும் ஹெல்மெட்டைக் கழத்திட்டு நிக்கிய? எவன் செத்தான்?"

ஒரு தெலுங்குக்காரர் அவரையே கை காட்டினார்.

"நானா? நான் செத்துப் போனேன்னு எவன்டே சொன்னது?"

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது. பூனை விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். பூனைக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவர் கேட்டார். அதையும் சொல்லித் தொலைத்தேன். பொய் சொல்லத் தெரியாத வயசு அல்லவா.

"அப்படியா சங்கதி. மக்கா, நீ இனி ஆணி புடுங்கு, கேட்டியா."

பதினைந்து நாள் வெயிலில் உட்கார்ந்து பழைய பலகைகளில் ஆணி பிடுங்கினேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்கு அப்போது வேண்டியிருந்தது. யாரோடும் பேச வேண்டாம். ஒவ்வொரு ஆணியும் கிறீச் என்று வரும். அந்தச் சத்தத்தில் என் மூக்கு உறிஞ்சுவது வெளியே கேட்காது.

நீல மூடியை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு டப்பா வைத்தேன், சரியாக அமையவில்லை, சொட்டு வெளியே விழுந்தது. மத்தி டின் வாங்குவதை விட்டேன். ஷூவை வாசலில் விடாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பங்காளி தேற்றிப் பார்த்தார். "வேற பூனை வரும்யா, அல் கூஸுல பூனைக்கா பஞ்சம்?" வந்தன. நான் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் முதல் பூனை ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயது. சாம்பல் நிறப் பூனை, என் போர்வைக்குள்தான் படுக்கும். பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சுகளைப் பிடித்துத் தின்றுவிட்டது, பெரிய சண்டை. ஒரு நாள் விழித்தேன், போர்வைக்குள் பூனை இல்லை. சாயங்காலம் அப்பா வந்து சொன்னார்:

"மில்லுல கொண்டுபோய் விட்டுட்டேன்டா. எலி ஏகத்துக்குக் கெடக்கு. நல்லா இருக்கும், போ."

மறுநாளே எங்கள் ஊர் அரிசி மில்லுக்கு ஓடினேன். தவிட்டுக் குவியலுக்குப் பின்னால் தேடினேன், பெல்ட் ஓடுகிற பள்ளத்தில் தேடினேன். மில்லு ஆள் சிரித்தார். "பூனையா? இங்க யாரும் ஒண்ணும் விடலையேடா." மூன்று நாள் போனேன். பிறகு எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா சாக்கில் கட்டி எங்கேயோ போட்டுவிட்டார், என்னை ஏமாற்ற மில்லு என்கிறார். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு முடிவு. அதன் பிறகு அவர் சொன்ன எதையும் பாதிதான் நம்பினேன். நாளைக்குச் சட்டை எடுத்துத் தருகிறேன் என்றால் நம்ப மாட்டேன். பள்ளிக்கூடம் போ, பின்னால் உதவும் என்றார். அதையும் நம்பவில்லை, போகவில்லை. அவர் செத்தபோது கொள்ளி வைத்தேன். அந்த ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் சின்ன ஆணியாக அப்படியே இருந்தது.

இப்போது நானே ஒன்றை ஒழித்துக்கட்டச் சொல்லிவிட்டேன். அவராவது ஒரு பொய் சொல்லித் தேற்றினார், நான் கும்பிடு போட்டேன். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது மனசு.

இரண்டு மாதம் கழித்து பட்டான் பாய் லீவு முடிந்து வந்தார். ஊரிலிருந்து கொண்டு வந்த வால்நட்டை ரூம் ரூமாகக் கொடுத்தார். என் உள்ளங்கையில் ஒரு பிடி வைத்து, இந்தியில் நீளமாக ஏதோ கேட்டார். எனக்குப் பிடிபட்டது பில்லி என்ற ஒரு சொல் மட்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பங்காளி மேல்கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அவரிடம் திருப்பிக் கேட்டார், மறுபடியும் கேட்டார். பிறகு ஏணியில் கால் வைக்காமல் அப்படியே குதித்தார்.

"பங்காளி, பூனையைப் பாக்க ஏன் போகலன்னு கேக்குறாரு."

"எங்க?"

"அவரு அண்ணன் வாட்ச்மேனா இருக்கிற குடோனாம். பருப்பு குடோன். நாலு ரோடு தள்ளி. கேம்ப் பாஸ் பூனையை வெளியேத்தச் சொன்னாராம். இவரு பையில போட்டுக்கிட்டுப் போயி அங்க விட்டுட்டு வந்தாராம். வந்ததும் ஒங்கிட்டதான் சொன்னாராமே."

"கலாஸ்னுதானே சொன்னாரு."

பங்காளி அதைப் பட்டான் பாயிடம் சொன்னார். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, இரண்டு உள்ளங்கையையும் மறுபடி தட்டிக் காட்டினார். காம் கலாஸ். வேலை முடிந்தது. கேம்ப் பாஸ் தொல்லை முடிந்தது. இனி கவலை இல்லை. அவ்வளவையும் ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறார் மனிதர்.

என் கையிலிருந்த வால்நட் எல்லாம் கீழே கொட்டிவிட்டது. பட்டான் பாய்தான் குனிந்து பொறுக்கி என் பையில் போட்டார்.

இதை எப்படியோ ஃபோர்மேன் தெரிந்துகொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பிக்கப் கேம்ப் வாசலில் வந்து நின்றது. "ஏறுடே" என்றார். நானும் பங்காளியும் ஏறிக்கொண்டோம். "எம் பேரை வச்சிட்டுத் திரியுத ஆளை நானும் ஒருக்கா பாக்கணும்லா" என்றார்.

அந்தக் குடோனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, என் மேலேயே கோபமும் வந்தது. பச்சைச் சுவர், மேலே பெரிதாக ஏதோ எழுதியிருக்கும். இரண்டு மாதமாக எங்கள் பஸ் தினமும் இரண்டு தடவை அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய் வந்தது. நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தே அழுதிருக்கிறேன்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சாக்கு வாசனை, துவரம்பருப்புத் தூசி. பட்டான் பாயின் அண்ணன் ஒரு மூலையைக் காட்டினார். மூட்டைகளுக்கு நடுவே, கிழிந்த சாக்கின் மேல் அது படுத்திருந்தது. அதே கிழிந்த காது. உடம்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள். ஒன்றுக்கு வால் நுனி கொக்கி.

ஃபோர்மேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"உம் பூனை பொழச்சுக்கிட்டு, கேட்டியா. மூணு ஹெல்பர் போட்டாச்சு. எனக்கே ரெண்டுதான் தந்திருக்கானுவ."

நான் கொண்டு போன மத்தி டின்னைத் திறந்தேன். அது எழுந்து வந்து மோந்து பார்த்தது, இரண்டு வாய் தின்றது. அங்கே வயிற்றுக்குக் குறையில்லை என்று தெரிந்தது. பிறகு என் ஷூ மேல் ஏறி ஒரு நிமிஷம் உட்கார்ந்தது. ஒரே நிமிஷம்தான். குட்டி கத்தவும் இறங்கிப் போய்விட்டது.

"தூக்கிட்டுப் போலாமா?" என்று பங்காளி கேட்டார்.

"வேணாம்யா. இங்கயே இருக்கட்டும்" என்றேன். அப்படிச் சொன்னது நான்தான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் நான் சொன்ன குரல் என் அப்பா குரல் மாதிரி இருந்தது. நல்லா இருக்கும், போ.

திரும்பி வந்து சாப்பிடக்கூட இல்லை. போன் கார்டைச் சுரண்டி அக்காவுக்குப் போட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். எடுத்ததும் பதறினாள்.

"என்னடா தம்பி, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. நம்ம சாம்பப் பூனை ஞாபகம் இருக்கா?"

"எந்த பூனை? அதுவா. அடப்பாவி, அதுக்கா துபாயிலேருந்து போன் பண்றே?"

"அப்பா அதை என்னக்கா பண்ணினாரு?"

"மில்லுல விட்டாரு. ஒங்கிட்டதான் சொன்னாரே."

"நான் மூணு நாளு மில்லுக்குப் போயி தேடினேன்க்கா. அங்க இல்ல."

"எந்த மில்லுக்குப் போனே?"

"அரிசி மில்லுக்குத்தான்."

போனில் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

"டேய், அப்பா மூட்டை தூக்கினது கடலை மில்லுடா. டவுனு கடலை மில்லு. அவருக்கு மில்லுன்னா அதுதானே. நான் சோறு கொண்டுபோறப்பல்லாம் பாத்திருக்கேன். கொழுகொழுன்னு திரியும். கருவாட்டைப் பாதி கடிச்சிட்டு மீதியை அதுக்குப் போடுவாரு. எனக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும் இருந்துச்சு."

"ஏன்க்கா எங்கிட்ட யாருமே சொல்லல?"

"நீ எங்கடா கேட்டே? மூஞ்சத் திருப்பிக்கிட்டே. மறந்துட்டேன்னு நெனச்சோம். ஒருவாட்டி கூட்டிட்டுப் போயி காட்டவாப்பான்னு கேட்டேன். வேணாம், பாத்தா தூக்கிட்டு வந்துடுவான், மறுபடி சண்டை வரும்னாரு."

எட்டு வயதில் அப்பா எங்கே வேலைக்குப் போகிறார் என்று யார் கேட்டு வைத்துக்கொள்கிறோம்? வேலைக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். அவர் என்னை ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டியிருக்கலாம். நானும் எந்த மில்லு என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் செய்யவில்லை. கார்டில் பணம் தீர்ந்து போன் தானாக நின்றது.

ரூமுக்கு வந்து படுத்தேன். ஷூவை வாசலிலேயே விட்டிருந்தேன். தன்னால் சிரித்திருக்கிறேன் போல, பங்காளி மேலேயிருந்து தலையை நீட்டினார்.

"என்ன பங்காளி, தனியா சிரிக்கிறே?"

"எங்கப்பா பொய் சொல்லலய்யா."

"எப்ப?"

"எனக்கு எட்டு வயசுல."

பங்காளி ஏன் எதற்கு என்று கேட்காமல் தட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"அப்ப அந்த வெவகாரம் கலாஸ். எந்திரி, மெஸ்ஸுல வரிசை நீண்டுக்கிட்டுப் போவுது."

எழுந்து என் தட்டை வாங்கிக்கொண்டேன். நல்ல பசி.